சுழல் நாற்காலிக்கு ஏற்ற, நீடித்து உழைக்கும் சேர் மேட்: வீட்டு அலுவலகத்துக்கான முழுமையான வழிகாட்டி

சுழல் நாற்காலியின் சக்கரங்கள் தரையைத் தேய்க்காமலிருக்க அடியில் விரிக்கும் தகடுதான் சேர் மேட். இணையக் கடைகளில் அந்தப் பெயரைத் தேடினால், ஒரே அச்சில் வார்த்தது போன்ற கண்ணாடித் தோற்றமுள்ள தகடுகள் வரிசையாக வந்து நிற்கும்; விலையில் மட்டும் மலைக்கும் மடுவுக்குமான வேறுபாடு இருக்கும். அவற்றில் எது பல ஆண்டுகள் உழைக்கும், எது ஒரு கோடைக்குள் சுருண்டு விரிசல் விடும் என்பதை விற்பனைப் படங்களைப் பார்த்துச் சொல்லிவிட முடியாது. ஒரு மேட்டின் ஆயுளை அதன் மூலப்பொருள் மட்டும் தீர்மானிப்பதில்லை என்பதே அதற்குக் காரணம். கீழே இருக்கும் தரை, மேலே உருளும் சக்கரம், இரண்டுக்கும் இடையில் வந்து சேரும் மணல் ஆகிய மூன்றும் மூலப்பொருளுக்கு முன்பே தங்கள் பங்கைத் தீர்மானித்துவிடுகின்றன. ஆகவே இந்த வழிகாட்டி கடையில் தொடங்காமல் தரையில் தொடங்குகிறது.

முதல் படி: உங்கள் தரை எது என்று தெரிந்துகொள்ளுங்கள்

சந்தையில் கிடைக்கும் மேட்களில் ஒரு பெரும் பகுதி, சுவருக்குச் சுவர் கம்பளம் விரித்த அமெரிக்க வீடுகளையும் அலுவலகங்களையும் மனத்தில் வைத்து வடிவமைக்கப்பட்டது. அவற்றின் அடிப்பக்கத்தில் சின்னச் சின்ன முட்கள் போன்ற பிடிமானங்கள் இருக்கும். அவை கம்பளத்தின் இழைகளுக்குள் இறங்கி மேட் நகராமல் பிடித்துக்கொள்ளும். அதே மேட்டைத் தமிழ்நாட்டு வீடுகளின் டைல்ஸ் தரையில் போட்டால் இறங்குவதற்கு இடமில்லாத முட்கள் தகட்டைத் தூக்கி நிறுத்தும். நாற்காலியின் எடை முழுவதும் முள்நுனிகளில் நிற்க, சக்கரம் முட்களுக்கு இடைப்பட்ட இடத்தை அழுத்த, சில மாதங்களிலேயே தகடு குழிந்து விரிசல் விடத் தொடங்கும். எனவே முதல் வடிகட்டல் எளிது: அடிப்பக்கம் வழவழப்பாகவோ மெல்லிய சொரசொரப்புடனோ இருக்க வேண்டும், முள் இருந்தால் எவ்வளவு விலைக்குறைப்பு இருந்தாலும் அந்தப் பொருள் வேண்டாம்.

அடுத்து, டைல்ஸ் என்று பொதுவாகச் சொல்லப்படும் தரைகளுக்குள்ளேயே வேறுபாடு உண்டு. இன்றைய அடுக்குமாடி வீடுகளில் பெரும்பாலும் விட்ரிஃபைட் டைல்ஸ்தான் பதிக்கப்படுகிறது. அது கடினமானது, நாற்காலியின் நைலான் சக்கரத்தால் அதைக் கீற முடியாது. கீறுவது சக்கரத்தில் ஒட்டிக்கொண்டு உருளும் மணல். கனிமங்களின் கடினத்தை ஒப்பிடும் மோஸ் அளவுகோலில் மணலின் முக்கியப் பொருளான குவார்ட்ஸ் 7 என்ற இடத்தில் இருக்கிறது. சாதாரணக் கண்ணாடி ஏறத்தாழ 5.5, பளிங்கு 3. பளபளப்பான மெருகுப் பூச்சு கொண்ட டைல்ஸின் மேற்பரப்பு குவார்ட்ஸை விட மென்மையானது என்பதால், வாசலிலிருந்து செருப்போடும் காற்றோடும் வரும் மணல் துகள் சக்கரத்துக்கும் தரைக்கும் நடுவே மாட்டும்போது உப்புத்தாள் போல வேலை செய்கிறது. மேசைக்குக் கீழே மட்டும் தரை மங்கிப்போன வீடுகளில் நடந்தது இதுதான். மேட் போடுவதன் முதல் பயன் இந்தத் தேய்மானத்தைத் தரையிலிருந்து ஒரு மலிவான தகட்டுக்கு மாற்றுவது.

டைல்ஸ் தரையில் இன்னொரு சோதனையையும் செய்துவிடுவது நல்லது. நாற்காலி உருளும் பகுதியில் ஒவ்வொரு டைல்ஸையும் ஒரு நாணயத்தால் தட்டிப் பாருங்கள். அடியில் சிமெண்டுக் கலவை முழுமையாகப் பரவியிருந்தால் ஓசை கனமாக இருக்கும். நான்கு மூலையிலும் நடுவிலும் மட்டும் கலவை வைத்து ஒட்டியிருந்தால் இடையில் வெற்றிடம் இருந்து ‘டொக் டொக்’ என்று கேட்கும். இப்படி அடியில் வெற்றிடமுள்ள டைல்ஸ் மேல் நாற்காலியின் எடை ஒரே புள்ளியில் மீண்டும் மீண்டும் இறங்கினால் டைல்ஸ் உடையக்கூடும். மெல்லிய மேட் இதற்கு மருந்தாகாது. சற்றுத் தடித்த, விறைப்பான தகடு எடையைக் கொஞ்சம் பரப்பிவிடும், அவ்வளவுதான். முடிந்தால் மேசையையே வேறு இடத்துக்கு மாற்றுவது மேல்.

மொசைக், கோட்டா கல், கடப்பா கல், பளிங்கு ஆகிய தரைகள் டைல்ஸை விட மென்மையானவை. இவற்றுக்கு மேட் உண்மையாகவே தேவை. ஆனால் பளிங்கும் மொசைக்கும் கொஞ்சம் ஈரத்தை உறிஞ்சுபவை என்பதால் அடியில் நீர் தேங்கினால் கறை படியும்.

பழைய வீடுகளின் சிவப்பு ஆக்சைடு தரையும் செட்டிநாட்டு வீடுகளின் ஆத்தங்குடிக் கல் தரையும் தனிக் கவனம் கேட்பவை. இரண்டுமே சிமெண்டால் ஆனவை. சுட்ட டைல்ஸ் போல மேலே கண்ணாடிப் பூச்சு இல்லாதவை. கால் பட்டுப் பட்டும் துடைத்துத் துடைத்தும் மெருகேறுபவை. தரையிலிருந்து மேலேறும் ஈரம் அவற்றின் வழியாக வெளியேறிக்கொண்டே இருக்கும். அதன்மேல் காற்றுப் புகாத பிளாஸ்டிக் தகட்டைப் போட்டு ஆண்டுக்கணக்கில் விட்டுவிட்டால், மேட் இருந்த இடம் மட்டும் வேறு நிறத்தில் சதுரமாகத் தெரியும். அந்தச் சதுரத்தை அழிக்க எளிய வழி கிடையாது. இப்படிப்பட்ட தரை உள்ளவர்கள், கீழே விவரிக்கப்படும் கம்பள வகை மேட் அல்லது மென்சக்கரம் என்ற இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுப்பதே சரி என்பது என் கருத்து.

லேமினேட் மரத்தரைக்கும் வினைல் பலகைத் தரைக்கும் ஆபத்து வேறு பக்கத்திலிருந்து வருகிறது. மலிவான மேட்கள் செய்யப் பயன்படும், மென்மையாக்கிய பிவிசி என்ற பிளாஸ்டிக்கில் உள்ள வேதிப்பொருள்கள் வினைல் தரைக்குள்ளும் மரத்தின் வார்னிஷுக்குள்ளும் மெல்ல ஊடுருவி, மேற்பரப்பை ஒட்டும் பதத்துக்குக் கொண்டுவரலாம் அல்லது நிறம் மாற்றலாம். ரப்பர் அடிப்பாகம் கொண்ட மேட் வினைல் தரையில் மஞ்சள் கறையை உண்டாக்கும். அந்தக் கறை தரைக்குள்ளேயே இறங்கிவிடுவதால் துடைத்தால் போகாது. வாடகை வீட்டில் இருப்பவர்கள் முன்பணத்தை நினைத்தாவது இதைக் கவனிக்க வேண்டும்.

இரண்டாம் படி: நாற்காலியைத் தலைகீழாகக் கவிழ்த்துச் சக்கரத்தைப் பாருங்கள்

மேட் வாங்குவோரில் பலர் செய்யாத வேலை இது. சுழல் நாற்காலிச் சக்கரங்கள் பொதுவாக இரண்டு வகை. ஒன்று முழுவதும் கடின நைலானால் ஆனது. கம்பளத்தின் மேல் எளிதாக உருள்வதற்காக உருவானது. மற்றொன்றில் உருளும் விளிம்பில் பாலியூரித்தேன் போன்ற மென்மையான பட்டை இருக்கும். டைல்ஸ், மரம் போன்ற கடினத் தரைகளுக்கானது அது. சுழல் நாற்காலிச் சக்கரங்களுக்கான ஐரோப்பியத் தரநிலை இ.என். 12529 இவற்றை எச் (கடினச் சக்கரம்), டபிள்யூ (மென்சக்கரம்) என்று பிரிக்கிறது: எச் வகை முழுவதும் ஒரே நிறத்தில் இருக்கும், டபிள்யூ வகையில் உருளும் பட்டை மட்டும் வேறு நிறத்தில் இருக்கும். நிறத்தைப் பார்த்துத் தெளிவாகவில்லை என்றால் விளிம்பில் நகத்தை அழுத்திப் பாருங்கள். சிறிதாவது இறங்கினால் மென்சக்கரம். கல் போல நின்றால் கடினச் சக்கரம்.

நம் சந்தையில் விற்கும் நடுத்தர விலை நாற்காலிகளில் பெரும்பாலும் கடின நைலான் சக்கரமே பொருத்தப்பட்டு வருகிறது. கம்பளத்துக்கான சக்கரத்தை டைல்ஸில் உருட்டிவிட்டு, பிறகு டைல்ஸைக் காப்பாற்ற மேட் தேடுகிறோம். லேமினேட், வினைல் தரைகளின் விளம்பரத் தாளில் நாற்காலிச் சக்கரப் படம் அச்சிட்டிருப்பதைப் பார்த்து நிம்மதி அடைபவர்களும் உண்டு. அந்தப் படம் குறிக்கும் சக்கரச் சோதனை மென்சக்கரத்தைக் கொண்டு செய்யப்படுவது. உங்கள் நாற்காலியில் இருப்பது நைலான் என்றால் அந்த உறுதி உங்களுக்குப் பொருந்தாது.

சக்கரத்தை மாற்றுவது கடினமான வேலை அல்ல. பெரும்பாலான நாற்காலிகளில் 11 மி.மீ. விட்டமுள்ள தண்டு, ஐந்து கால்களின் துளைகளில் இறுக்கத்தால் மட்டுமே நிற்கிறது. நாற்காலியைக் கவிழ்த்து நேராக இழுத்தால் வந்துவிடும்; வராவிட்டால் ஒரு தட்டையான திருப்புளியை இடையில் கொடுத்து நெம்பலாம். புதியதை உள்ளே அழுத்தும்போது ‘க்ளிக்’ என்று அமர வேண்டும். வாங்கும் முன் தண்டின் விட்டத்தை அளந்துகொள்ளுங்கள். சில நாற்காலிகளில் 10 மி.மீ. தண்டும், இன்னும் சிலவற்றில் மரைத்தண்டும் உண்டு. வழக்கமான 50 மி.மீ. சக்கரத்துக்குப் பதிலாக 75 மி.மீ. பெரிய சக்கரம் போட்டால் இருக்கை ஏறத்தாழ 2.5 செ.மீ. உயரும், நாற்காலியை ஏற்கெனவே முழுவதும் இறக்கி உட்காரும் உயரம் குறைந்தவர்களுக்கு அது கால் தொங்கும் நிலையை உண்டாக்கும்.

மூன்றாம் படி: மேட் தேவைதானா என்று முடிவு செய்யுங்கள்

தரை நல்ல விட்ரிஃபைட் டைல்ஸ், சக்கரம் மென்மையானது, அறை நாள்தோறும் பெருக்கப்படுகிறது என்றால் மேட் வாங்காமலே இருக்கலாம். வழிகாட்டி எழுதுபவர் இதைச் சொல்வது வினோதமாகத் தோன்றலாம். ஆனாலும் பல வீடுகளுக்கு இதுவே மலிவான, நீடித்த தீர்வு.

பளிங்கு, மொசைக், லேமினேட் தரைகள். இடைவெளி அகலமாகவும் ஆழமாகவும் விடப்பட்டு, உருளும்போதெல்லாம் நாற்காலி தடதடக்கும் டைல்ஸ் தரை. நாளில் எட்டு மணி நேரத்துக்கு மேல் ஒரே இடத்தில் வேலை. கீழ்த்தளத்தில் தூக்கம் கெடும் அண்டை வீட்டார். இவற்றில் ஏதாவது ஒன்று பொருந்தினால் மேட் தேவை.

நான்காம் படி: மூலப்பொருளைத் தேர்ந்தெடுங்கள்

மென்மையாக்கிய பிவிசிதான் மிகவும் மலிவானது. சாப்பாட்டு மேசைக்கு விரிக்க மீட்டர் கணக்கில் வெட்டித் தரும் ஒளி ஊடுருவும் கனத்த ஷீட்டும் இதே குடும்பம்தான். பலர் அதையே வாங்கி நாற்காலிக்குக் கீழே போட்டுக்கொள்கிறார்கள். பிவிசி இயல்பில் விறைப்பானது; அதை வளையச் செய்ய எண்ணெய் போன்ற மென்மையாக்கிகள் கணிசமாகச் சேர்க்கப்படுகின்றன. அவை பிளாஸ்டிக்குடன் வேதிமுறையில் பிணைந்திருப்பதில்லை; காலப்போக்கில் மெல்ல வெளியேறுகின்றன. புதிய மேட்டைப் பிரித்தவுடன் வீசும் வாடையின் ஒரு பகுதி இது. சில ஆண்டுகளில் மேட் விறைத்து ஓரங்களில் பிளப்பதும் இதனால்தான். வெப்பம் அதிகமானால் இந்த வெளியேற்றம் விரைவுபடும் என்பதால், மேற்கு வெயில் விழும் அறையில் பிவிசி மேட்டின் ஆயுள் இன்னும் குறையும். நாற்காலி ஒரே இடத்தில் நிற்கும்போது சக்கரங்கள் ஐந்தும் ஐந்து குழிகளை உண்டாக்கும். பிறகு ஒவ்வொரு முறை நகரும்போதும் அந்தக் குழியிலிருந்து ஏறித்தான் வர வேண்டும். ஊட்டி, கொடைக்கானல் போன்ற குளிர்ந்த ஊர்களில் சிக்கல் எதிர்த் திசையில் வரும்: குளிரில் விறைத்த மலிவான பிவிசி, சக்கரம் ஏறும் ஓரத்தில் உடைந்துவிடும்.

மென்மையாக்கிகளில் தாலேட் வகையைச் சேர்ந்த நான்கை ஐரோப்பிய ஒன்றியம் 2020 ஜூலை முதல் பெரும்பாலான நுகர்பொருள்களில் 0.1 சதவீதத்துக்கு மேல் இருக்கக் கூடாது என்று கட்டுப்படுத்தியிருக்கிறது. தவழும் குழந்தை உள்ள வீட்டில் பிவிசிதான் வாங்குவது என்று முடிவு செய்தால், தாலேட் இல்லை என்று விற்பவர் எழுத்தில் குறிப்பிட்டிருக்கிறாரா என்று பாருங்கள்.

பாலிகார்பனேட்தான் பெரும்பாலான டைல்ஸ், கல், லேமினேட் தரைகளுக்கு என் முதல் பரிந்துரை. அதில் மென்மையாக்கி சேர்க்கத் தேவையில்லை. விறைப்பானது, அதே நேரத்தில் உடையாதது. கலவரத் தடுப்புக் கேடயங்கள் செய்யப் பயன்படும் பொருளே இது. சூரிய வெப்பத்தில் குழைவதில்லை. சக்கரம் குழி விழச் செய்வதும் அரிது. இதற்கு மூன்று பலவீனங்கள் உண்டு. மேற்பரப்பு எளிதில் கீறல் விழும். சில மாதங்களில் சக்கரப் பாதை பனி படர்ந்தாற்போல மங்கும். இது தோற்றக் குறை மட்டுமே, உறுதிக் குறை அல்ல. மேற்பரப்பு மெல்லிய சொரசொரப்புடன் வரும் மேட்டில் கீறல் அவ்வளவாகத் தெரியாது. இரண்டாவது, புற ஊதாக் கதிர் நேரடியாகப் பட்டால் ஆண்டுகள் போகப்போக மஞ்சளாகும். மூன்றாவது, தின்னர், அசிட்டோன், அமோனியா கலந்த கண்ணாடி துடைப்பான் ஆகியவை அதில் நுண்விரிசல்களை உண்டாக்கும்.

இணையத்தில் கிடைக்கும் அளவு பொருந்தாவிட்டால், கூரைத் தகடு விற்கும் கடைகளிலும் பெயர்ப்பலகை செய்பவர்களிடமும் பாலிகார்பனேட் ஷீட்டை வேண்டிய அளவில் வெட்டி வாங்கலாம். அப்படி வாங்கும்போது இரண்டு இடங்களில் ஏமாற வாய்ப்பு உண்டு. ஒன்று, வெயில் மறைப்புக்குப் போடும் உள்ளீடற்ற, அடுக்கு அடுக்காகக் குழாய் போன்ற ஷீட். அதன்மேல் நாற்காலி ஏறினால் அந்த இடமே நசுங்கிவிடும். உள்ளே வெற்றிடமில்லாத திடத் தகட்டைத்தான் கேட்டு வாங்க வேண்டும். இரண்டு, அக்ரிலிக். பார்வைக்கு இரண்டும் ஒன்று போலவே இருக்கும். அக்ரிலிக் அதிகப் பளபளப்பாகக்கூட இருக்கும். ஆனால் அது நொறுங்கும் இயல்புடையது. சக்கரத்தின் எடைக்குக் கீழே மேடு பள்ளமிருந்தால் கண்ணாடி போலக் கீறிக்கொண்டு போகும். கடையில் வெட்டி மீந்த துண்டு ஒன்றைக் கேட்டு வாங்கி வளைத்துப் பாருங்கள்: பாலிகார்பனேட் மடங்கும், அக்ரிலிக் படீரென்று முறியும். துண்டு தர மறுக்கும் கடையில் வாங்க வேண்டியதில்லை.

கடினமாக்கிய கண்ணாடி மேட்டில் நாற்காலி உருள்வது போன்ற சுகம் வேறெதிலும் இல்லை. குழி விழாது, மஞ்சளாகாது, சுருளாது. கண்ணாடிக்குக் கனம் அதிகம்: 6 மி.மீ. தகடு ஒரு சதுர மீட்டருக்கு 15 கிலோ. அதைத் தூக்கிப் பெருக்க இரண்டு பேர் வேண்டும். ஆகவே யாரும் தூக்குவதில்லை. அடியில் மணல் சேர்ந்துகொண்டே போகும். கண்ணாடிக்கு அடியில் ஒரு மணல் துகளோ டைல்ஸின் உயர்ந்த விளிம்போ இருந்து, அதற்கு நேர் மேலே சக்கரம் நின்றால் அழுத்தம் ஒரே புள்ளியில் குவியும். இதைத் தவிர்க்க அடிப்பக்கம் முழுவதும் நெருக்கமாகச் சிலிக்கான் குமிழ்கள் ஒட்டப்பட வேண்டும். உள்ளூர் கண்ணாடிக் கடையில் செய்யச் சொன்னால், பாதுகாப்புக் கண்ணாடிக்கான இந்தியத் தரநிலை ஐ.எஸ். 2553-இன் குறி மூலையில் பொறிக்கப்பட்டிருக்க வேண்டும். ஓரங்களை மெருகேற்றுவதும் மூலைகளை உருட்டுவதும் கடினமாக்குவதற்கு முன்பே முடிந்திருக்க வேண்டும், ஏனெனில் பிறகு அதை வெட்டவோ தேய்க்கவோ முடியாது. இப்படிப்பட்ட கண்ணாடியின் நடுப்பகுதி வலுவானது, ஓரமோ பலவீனமானது; மேசைக் கால் ஓரத்தில் இடித்தால் முழுத் தகடும் சிறு சிறு மணிகளாக உதிர்ந்துவிடும். கண்ணாடிக்குள் நிக்கல் சல்பைடு துகள் சிக்கியிருந்தால் யாரும் தொடாமலே உடைவதும் அரிதாக நடப்பதுண்டு. குழந்தைகள் ஓடியாடும் வீட்டுக்கு இதை நான் சொல்லமாட்டேன்.

பாலிப்ரோப்பிலீன் மேட் மலிவானது, வாடையற்றது. ஆனால் மெல்லியதாக வருவதால் குறைந்த பயன்பாட்டுக்கே ஏற்றது. மூங்கில் பட்டைகளைத் துணியில் ஒட்டிச் செய்த மேட் பார்க்க அழகானது. கடலோர ஊர்களின் ஈரமும் கரையானும் அதற்குப் பகை.

கம்பள வகை மேட் என்பது பாலியெஸ்டர் இழைகளை ஊசியால் குத்தி அடர்த்தியாக்கிய தட்டையான விரிப்பு. அதில் நாற்காலி சற்றுக் கனமாகத்தான் உருளும். மணலையும் முடியையும் பிடித்து வைத்துக்கொள்ளும். ஆனால் ஓசையை அடக்குவதில் பிளாஸ்டிக் எதுவும் அதன் கிட்டே வர முடியாது. டைல்ஸ் மேல் போட்ட பாலிகார்பனேட் தகடோ சில சமயம் சத்தத்தைக் கூட்டவும் செய்யும். காற்றோட்டம் இருப்பதால் சிவப்பு ஆக்சைடு, ஆத்தங்குடித் தரைகளுக்கும் ஒத்துப்போகும், அடியில் ரப்பர் பூச்சு இல்லாத வரையில். இந்த வகைக்குக் கடின நைலான் சக்கரமே பொருத்தம். மென்சக்கரம் இதில் இழுவையாக இருக்கும்.

ஐந்தாம் படி: தடிமனைக் கணக்கிட்டுச் சரிபாருங்கள்

75 கிலோ எடையுள்ளவர் 15 கிலோ நாற்காலியில் நேராக உட்கார்ந்தால் ஒரு சக்கரத்துக்கு 18 கிலோ வருகிறது. அவர் ஒரு பக்கமாகச் சாய்ந்து கீழே விழுந்த பேனாவை எடுக்கும்போது மொத்த எடையில் பாதிக்கும் மேல் இரண்டு சக்கரங்களில் இறங்கிவிடும். தகடு தாங்க வேண்டியது அந்தக் கணத்தை. சமமான கடினத் தரையில் பாலிகார்பனேட் 2 மி.மீ. இருந்தால் பெரும்பாலோருக்குப் போதும். உட்காருபவரின் எடை அதிகமென்றாலோ, டைல்ஸ் விளிம்புகள் ஒன்றுக்கொன்று ஏற்ற இறக்கமாக இருந்தாலோ 3 மி.மீ. பாருங்கள். பிவிசி என்றால் 2 மி.மீட்டருக்குக் குறைந்து வாங்குவது வீண்.

பெட்டியில் எழுதியிருக்கும் தடிமனை நம்ப வேண்டியதில்லை. எடையை வைத்துக் கண்டுபிடித்துவிடலாம். பாலிகார்பனேட்டில் ஒரு சதுர மீட்டர் பரப்பு, ஒரு மி.மீ. தடிமன் என்றால் எடை 1.2 கிலோ. 120 செ.மீ.க்கு 90 செ.மீ. மேட்டின் பரப்பு 1.08 சதுர மீட்டர். அது 2 மி.மீ. தடிமன் என்றால் ஏறத்தாழ 2.6 கிலோ இருக்க வேண்டும். மென்மையாக்கிய பிவிசியின் எடையும் இதற்கு அருகில்தான், சற்றுக் கூடுதலாக இருக்கும். பொருளின் எடை 1.4 கிலோ என்று விவரப் பட்டியலில் இருந்து, தடிமன் 2 மி.மீ. என்று தலைப்பில் இருந்தால் இரண்டில் ஒன்று பொய். வீட்டுக்கு வந்த பிறகும் தராசில் வைத்துப் பாருங்கள். திருப்பி அனுப்பும் காலக்கெடு முடிவதற்குள் பாருங்கள்.

ஆறாம் படி: அளவைச் செய்தித்தாளால் கண்டுபிடியுங்கள்

மேட் உடையும் இடம் பெரும்பாலும் ஓரமே. சக்கரம் இறங்கி ஏறும் ஒவ்வொரு முறையும் ஓரம் வளைந்து நிமிர்கிறது. எனவே சிறிய அளவு வாங்கிச் சேமிக்கும் பணம் ஆயுளில் கழிந்துவிடும்.

மேசைக்குக் கீழேயும் பின்னாலும் பழைய செய்தித்தாள்களைப் பரப்பி, ஓரங்களை ஒட்டுப்பட்டையால் தரையோடு ஒட்டி, ஒரு நாள் முழுவதும் வழக்கம் போல வேலை செய்யுங்கள். மாலையில் கசங்கியும் கிழிந்தும் இருக்கும் பகுதிதான் உங்கள் நாற்காலியின் நடமாட்டம். அதன் நீள அகலத்தை அளந்து, நான்கு பக்கமும் 10 செ.மீ. கூட்டினால் வேண்டிய அளவு கிடைத்துவிடும்.

சுழல் நாற்காலியின் ஐந்துகால் அடிப்பாகம் சாதாரணமாக 65 முதல் 70 செ.மீ. வரை விட்டமுடையது. எழுந்திருக்க ஒருவர் 60 செ.மீ. பின்னால் தள்ளுகிறார் என்றால் முன்பின்னாக 130 செ.மீ. தேவைப்படுகிறது. அதிகம் விற்கும் 90க்கு 120 செ.மீ. மேட்டை அகலவாக்கில் போடுவது வழக்கம். அப்போது பின் சக்கரங்கள் நாள்தோறும் தரையில் இறங்கும். அதையே நீளவாக்கில், 120 செ.மீ. பக்கம் மேசையிலிருந்து பின்னோக்கி நீளுமாறு திருப்பிப் போட்டால் அதே மேட் கூடுதல் காலம் உழைக்கும். பக்கவாட்டில் அலமாரி, அச்சுப்பொறி என்று உருண்டு போகிறவர்கள் 120க்கு 150 செ.மீ. அளவுக்குப் போக வேண்டும். மேசைக்குள் நுழையும் நாக்கு வைத்த வடிவம், முன்புறம் பலகை அடைத்த அலுவலக மேசைகளுக்கானது. நான்கு கால் மேசைக்குச் செவ்வகமே போதும். கதவு திறக்கும் வட்டத்துக்குள் மேட்டின் மூலை வராமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஏழாம் படி: வாங்கும் வேளையில் கேட்க வேண்டியவை

தட்டையாக அனுப்புகிறார்களா, சுருட்டி அனுப்புகிறார்களா என்று கேளுங்கள். 3 மி.மீ. பாலிகார்பனேட்டைச் சுருட்டி அனுப்புகிறார்கள் என்றால் அது பாலிகார்பனேட்தானா என்று சந்தேகிக்கலாம். உத்தரவாதம் எதற்கு என்று படியுங்கள்: விரிசலுக்கு மட்டுமா, குழிவுக்கும் சுருளலுக்கும் சேர்த்தா? திருப்பி அனுப்பும் செலவு யாருடையது? இவ்வளவு பெரிய பொருளுக்கு அந்தச் செலவே விலையில் பாதியாகிவிடலாம். பொருள் கைக்கு வந்ததும் ஓரங்களை விரலால் தடவிப் பார்த்து, வெட்டிய பிசிறு இருந்தால் நுண்ணிய உப்புத்தாளால் தேய்த்துவிடுங்கள். வெறுங்காலோடு நடக்கும் வீடுகள் நம்முடையவை.

எட்டாம் படி: விரிக்கும் முறை

முதலில் அந்த இடத்தைப் பெருக்கி, ஈரத் துணியால் துடைத்து, முழுவதும் காய விடுங்கள். ஈரம் காயாமல் போட்டால் வழவழப்பான தகடு தரையோடு ஒட்டிக்கொண்டு திட்டுத் திட்டாகத் தெரியும். சென்னை போன்ற ஊர்களின் உப்பு நீர் என்றால் வெள்ளைப் படிவமும் சேரும். சுருண்டு வந்த பிவிசியை எதிர்ப்பக்கமாகச் சுருட்டிச் சற்று நேரம் வைத்து, பிறகு அறைக்குள்ளேயே விரித்து ஓரங்களில் புத்தகக் கட்டுகளை வைத்து ஓரிரு நாள் விடுங்கள். வேகமாக நிமிரும் என்று மே மாத மொட்டைமாடியில் விரித்தால் குழைந்து கோணலாகிவிடும்.

பாலிகார்பனேட் டைல்ஸில் வழுக்கினால் நான்கு மூலைகளிலும் நடுவிலும் மெல்லிய சிலிக்கான் குமிழ்களை ஒட்டலாம். தடித்தவற்றை ஒட்டினால் முட்கள் வைத்த மேட்டின் கதையே திரும்பும். இருபக்கப் பசைப்பட்டை வேண்டாம். கோடையில் இளகிய பசையைத் தரையிலிருந்து எடுப்பது தனி வேலை.

ஒன்பதாம் படி: பராமரிப்பும், மாற்ற வேண்டிய நேரமும்

மேட்டின் மேல் இருப்பதை விட அடியில் சேரும் மணல்தான் தரைக்கு ஆபத்து. நாற்காலி அசையும்போதெல்லாம் தகடும் மணலும் சேர்ந்து தரையைத் தேய்க்கும். ஆகவே வாரம் ஒரு முறை தூக்கிப் பெருக்க வேண்டும், மழைக்காலத்தில் கொஞ்ச நேரம் நிமிர்த்தி வைத்து இரு புறமும் உலர விட வேண்டும். ஈர்க்குமாறு கீறும், பூந்துடைப்பம் போதும். துடைப்பதற்குப் பாத்திரம் கழுவும் திரவம் சில துளி கலந்த நீரே எல்லா வகைக்கும் பொருந்தும். பினாயிலும் அமிலமும் மேட்டுக்கும் வேண்டாம், அடியிலுள்ள சிமெண்டுத் தரைக்கும் பளிங்குக்கும் வேண்டாம்.

சக்கரங்களில் சுற்றியிருக்கும் தலைமுடியையும் நூலையும் அவ்வப்போது சிறு கத்தரியால் வெட்டி எடுங்கள். உருளாத சக்கரம் இழுபடும். இழுபடும் சக்கரம், உருளும் சக்கரத்தை விடப் பல மடங்கு வேகமாகத் தகட்டைக் கீறித் தேய்த்துவிடும்.

மங்குவதும் கீறல் விழுவதும் மாற்றுவதற்குக் காரணம் அல்ல. இரு பக்கமும் ஒரே மாதிரி இருக்கும் பாலிகார்பனேட் தகட்டைக் கவிழ்த்துப் போட்டு இன்னும் சில ஆண்டுகள் ஓட்டலாம். சக்கரக் குழிகளில் நாற்காலி தானாகப் போய் நிற்கத் தொடங்கினாலோ, ஓரம் கால் தடுக்கும் அளவுக்குத் தூக்கிக்கொண்டாலோ, விரிசல் ஓரத்திலிருந்து உள்நோக்கி ஒரு விரல் நீளத்துக்கு மேல் ஓடினாலோ அதை எடுத்துவிட வேண்டும். விரிசல் சிறியதாக இருக்கும்போதே கவனித்தால், அதன் முனையில் 3 மி.மீ. துரப்பணத்தால் ஒரு துளை போட்டு மேலும் ஓடாமல் நிறுத்தலாம். இது பாலிகார்பனேட்டுக்கு மட்டுமே பொருந்தும், கண்ணாடியில் முயன்றால் தகடே உதிர்ந்துவிடும்.